நோரீனின் வட்டம்

1

இந்தக் கதை என்னுடையது மட்டுமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவில் தூண்டில் நூலைச் சுற்றும் மீன்பிடி ரீல் செய்கிற எங்கள் கம்பெனியின் சாப்பாட்டு மேசையில், ஹாட்டிஷ் என்கிற அந்த ஊர் உருளைக்கிழங்கு-இறைச்சிக் கலவையைக் கிளறிக்கொண்டே நோரீன் ஹால்வர்சன் இதைச் சொன்னாள். கேட்டது நானும் நண்பன் அறிவழகனும். அவன் முந்திக்கொண்டு எழுதிவிட்டான். பத்திரிகையில் வந்து ஊரே புகழ்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

2

'உறைந்த ஏரியின் நடுவே தனியாக ஒரு பெண்...'

(அடித்துவிட்டேன். நோரீன் ஏரிப் பக்கமே போகமாட்டாள், குளிர் ஆகாது.)

மறுபடியும். நோரீன் கம்ப்யூட்டரில் ரீலுக்கான ஸ்கெட்ச் ஒன்று வரைந்தாள். அதிலிருந்துதான் எல்லாப் பாகங்களும் தனித்தனியாக உருவாகவேண்டும்; ஸ்கெட்ச் மாறினால் அவையும் தானாக மாறும். ரீலின் வெளிக்கூட்டை அவளே செய்தாள். கைப்பிடியைப் புதிதாகச் சேர்ந்த கிப்பிடம் கொடுத்தார்கள். கூட்டில் ஒரு தண்டு, கைப்பிடியில் அது நுழைய ஒரு துளை. இரண்டுக்கும் ஸ்கெட்சில் ஒரே வட்டம்.

மாதிரி ரீல் வந்ததும் ஆளாளுக்குக் குளிரில் மீன் பிடிக்கிறவர்கள்போலக் கையுறையோடு கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து மெச்சினார்கள். கூட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“உங்க ஸ்கெட்ச் இல்லன்னா நான் என்னத்தக் கிழிச்சிருப்பேன், நோரீன்?” என்றான் கிப்.

“அத ஏன் எங்கிட்ட சொல்றே? அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

அவன் போய்ச் சொன்னான். எவ்வளவு அடக்கமான ஆள் என்று அதற்கும் அவனையே பாராட்டினார்கள்.

3

(கிப்பைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்லவன் மேல்தான் பொறாமை நன்றாகப் பிடிக்கிறது. அறிவழகனும் நல்லவன்தான்.*)

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நோரீன் அந்த வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். கிப்பின் துளை பெரிதாகும், கைப்பிடி லொடலொடவென்று ஆடும், வேலை நிரந்தரமாகாத அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திரையில் பொருத்திப் பார்த்தாள், கைப்பிடி ஆடவில்லை. துளையோடு சேர்ந்து அவளுடைய தண்டும் பருத்திருந்தது. இரண்டும் முன்போலவே கச்சிதமாகப் பொருந்தின. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு அது எப்படி மறந்தது? பொறாமையில் அவனுடைய பாகம் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

இன்னொரு வழி இருந்தது. வட்டத்தைப் பழையபடி வைத்து, தன் கூட்டை மட்டும் ஸ்கெட்சிலிருந்து துண்டித்துவிட்டு, பிறகு வட்டத்தைப் பெரிதாக்கினால் கிப்பின் துளை மட்டும்தான் கெடும். பழியும் புதியவன் மேல்தான் விழும். அன்று சாயந்திரம் பாகங்களை வார்க்கும் அச்சு வெட்டுவதற்கு பைல் போகிறது. அவள் விரல் மவுஸின் மேல்

4

இந்த இடத்தில் நோரீன் எழுந்துவிட்டாள், சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கிப் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்கிறார்கள்.

அறிவழகன் கதையில் அவள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு அழுகிறாள். வாசகர்களும் அழுதார்களாம். என் நோரீன் துண்டித்துவிட்டால் என் கதை தனியாக நிற்கும். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவளிடமே கேட்டேன்: நிஜத்தில் என்ன செய்தீர்கள்?

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். “அவன் கதைய எல்லாரும் மெச்சுறாங்க, உனக்குப் பொறுக்கல. அதுக்கு என்னக் கெட்டவளாக்கணுமா?”

அதனால் மேலே அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறேன். நீங்கள் முடியுங்கள். அவள் துண்டித்தாள் என்று உங்களுக்குத் தோன்றினால் அப்படியே எழுதுங்கள். எனக்காக எழுதுவது மட்டும் வேண்டாம்.

* அவ்வளவு நல்லவனும் இல்லை.