ரங்கூனின் கால் நனைக்க வந்த கடல்

1952ஆம் வருஷம் ஐப்பசி மாதத்திலிருந்து ராயபுரத்துக் கடல் தினமும் சாயங்காலம் உப்புக்காரத் தெருவுக்கு வந்து, எத்திராஜின் கொட்டகைக்குள் நுழைந்து, ரங்கூன் என்ற கிழக் குதிரையின் நான்கு குளம்புகளும் முழுகும் அளவுக்கு நின்றுவிட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்பிப் போயிற்று. மணலைத் தாண்டி, கடலோர ரோட்டைக் கடந்து, சோடாக் கடை முனையில் திரும்பி, வேறு எந்த வீட்டு வாசற்படியையும் தொடாமல் அது வரும். எதிரே மாட்டுவண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். வரிசை வரிசையாக வீடுகளை விழுங்கிப் பழகிய கடல் என்பதால் முதல் வாரம் தெரு ஜனங்கள் பாயும் பானையுமாக ரயிலடிக்குப் போய்ப் படுத்தார்கள். அது ஒரு துடைப்பத்தைக்கூட இழுத்துக்கொண்டு போகவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து, செருப்பை மட்டும் மேல்படியில் எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த சுகாதார அதிகாரி, சாக்கடைத் தண்ணீராக இருந்தால் தன் பொறுப்பு, உப்புத் தண்ணீர் தன் பொறுப்பில் வராது என்று சொல்லி, ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார்.

ரங்கூன் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மட்டக் குதிரை. மணல் நிறம். எத்திராஜ் அதை ஜட்காவில் பூட்டி ராயபுரம் ரயிலடியில் நிற்பான். மனிதர்களிடம் எரிந்து விழுவானே தவிர குதிரையிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியவன் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சித்திரையில், தெருவில் பாதிப் பேரை ஆவடி வரைக்கும் கொண்டுபோய் விட்டது அந்தக் குதிரைதான். அவன் பெண்சாதி அங்கம்மா காசிமேட்டில் மீன் விற்றாள். அவளுடைய குரல் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். அவர்களுக்கு ஒரே பெண், பெயர் மங்கை. ரங்கூன் முதுகில் உட்கார்ந்து கடலுக்குப் போய் வருவது அவளுக்கு வழக்கம்.

நாற்பத்து நாலில் மங்கைக்குக் குடல் ஜுரம் வந்தது. கஞ்சித் தெளிவைத் தவிர ஒரு பருக்கை உள்ளே போனாலும் குடல் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். மங்கை படுத்த இடத்திலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "யம்மா, ஒரே ஒரு வாய் சோறும்மா" என்று கேட்டாள். அங்கம்மா கொடுக்கவில்லை. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் கொடுக்கவில்லை. பானையில் சோறு இருக்கும்போதே பெண் பசியோடு போய்விட்டாள். அன்றிலிருந்து அங்கம்மா தானும் சோறு தின்பதை விட்டுக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். கேட்கிற வாய்க்கு இல்லை என்று சொல்ல மட்டும் அவளால் முடியாமல் போயிற்று. ரேஷன் காலத்தில் பக்கத்து வீட்டு நீலாவின் குடும்பம் முழுக்க அங்கம்மா ஊற்றிய கஞ்சியில்தான் உயிர் பிழைத்தது. தெரு நாய்கள்கூட அவள் கூடையின் பின்னால் வரிசையாக வரும்.

ரங்கூனுக்கும் வாய் இருந்தது. அவள் மீன் விற்றுவிட்டு வரும் நேரம் பார்த்து அது தலையை நீட்டி அவள் இடுப்பு முடிச்சை முகர்ந்து, தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் போடும். அவள் வேகவைத்த கொள்ளு வைப்பாள், தவிடு வைப்பாள், மேலே ஒரு கட்டி வெல்லம் வைப்பாள். குதிரைக்குக் கழுத்து தடித்து முதுகு மினுமினுத்தது. பார்த்தவர்கள் அவளைப் புகழ்ந்தார்கள், அவளும் சந்தோஷப்பட்டாள். நாற்பத்தொன்பதில் ஒரு காலையில் ரங்கூன் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் பின்னங்காலில் தாங்கி, யாரோ வாலைப் பிடித்து இழுப்பது போல் சாய்ந்து நின்றது. குளம்பைத் தொட்டால் கை சுட்டது. லாடம் அடிக்கும் அலி அக்பர் வந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி துடிப்பதைப் பார்த்தார். லாடங்களைக் கழற்றிப் போட்டார்.

"எத்திராசு, வயித்துக்குப் போனது கால்ல எறங்கிக்கீது. குளம்புக்குள்ள நெருப்பு, வெளிய வர வழியில்ல அதுக்கு. வயசான குதிர. கொள்ளு, வெல்லம், தவிடு எதையும் கண்ல காட்டாத. காஞ்ச புல்லு போடு, அதயும் தண்ணியில ஊறவச்சி அலசிப் போடு. கீழ மணலக் கொட்டு. சாயந்தரமானா கடல்ல கொண்டுபோயி நிறுத்து."

"எத்தினி நாளிக்கி, பாய்?"

"அது உசுரோட கீற வரிக்கும்."

எத்திராஜ் அப்படியே செய்தான். அலி அக்பர் மாதம் ஒரு தரம் வந்து குளம்பின் முனையைச் செதுக்கிக் கொடுத்தார். நோவு குறைந்து ரங்கூன் நடந்தது, நடந்ததும் கேட்டது, கேட்டதும் அங்கம்மா புருஷன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்தாள். மறுபடி கால் சுட்டது. மூன்று வருஷம் இதே கதைதான். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தன் கையால்தான் அது வலியில் நிற்கிறது என்று தெரிந்தேதான் கொடுத்தாள், கொடுத்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீயே அதக் கொல்லப் போறியா?" என்று எத்திராஜ் ஒரு நாள் கேட்டான்.

"அது கேக்குதுய்யா. நான் இன்னா பண்ணட்டும்?"

"குதிர அது. கேக்கத்தான் கேக்கும்."

"அவளுந்தான் கேட்டா" என்றாள் அங்கம்மா. அவன் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஐம்பத்திரண்டில் அரிசிக் கட்டுப்பாடு எடுத்தார்கள். கடைகளில் எல்லாம் தாராளமாகக் கிடைத்தது, அங்கம்மாவின் கையும் தாராளமாயிற்று. ஐப்பசியில் ரங்கூன் படுத்துவிட்டது. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அது வரைக்கும் அதனால் நடக்க முடியவில்லை. எத்திராஜ் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினான். நனைத்துச் சுற்றிய கோணிச் சாக்கு குளம்புச் சூட்டில் அப்பளமாகக் காய்ந்தது. அவன் மறுபடி குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் குதிரை கடல் இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பி ஒரே ஒரு தரம் கனைத்தது. கடல் வந்தது. நோயாளி இருக்கிற வீட்டுக்குள் வருகிறவர்களைப் போலச் சத்தமில்லாமல் கதவிடுக்கு வழியாக வந்தது. ரங்கூன் எழுந்து அதில் நின்று, நீளமாக ஒரு மூச்சு விட்டது. கூட இருந்தது அங்கம்மா மட்டும்தான். ஒரு கவளம்கூடக் கொடுக்காமல் ஒருவர் மேல் பிரியமாக இருக்க முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாக இருந்தது. குனிந்து தண்ணீரைத் தொட்டு, "இனிமே குடுக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னபடி நடந்துகொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. மீன் கூடையோடு பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைவாள். ரங்கூன் தொண்டைச் சத்தம் போடும்போது முந்தானையைக் காதில் அடைத்துக்கொண்டு, புல்லை ஊறவைத்து அலசிக்கொண்டிருப்பாள். கடலே வருகிற குதிரை என்று எண்ணூர், திருவொற்றியூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் சூடமும் வாழைப்பழமுமாக வந்தார்கள். எத்திராஜ் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். குதிரை இளைத்தது, விலா எலும்பு தெரிந்தது, ஆனால் கால் சுடவில்லை. சில நாள் சோடாக் கடை வரைக்கும்கூட நடந்துவிட்டு வந்தது. அதை இனி வண்டியில் பூட்ட முடியாது என்பதால் எத்திராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். கொட்டகையிலிருந்து திரும்பிப் போகும் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மார்கழிக் குளிரில் கட்டுமரக்காரர்கள் அந்தத் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் பொங்கலன்று துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றதால் எத்திராஜுக்கு வேலை இருந்தது. அங்கம்மா காசிமேட்டில் இருந்தாள். மத்தியானம் புல் போடுவதற்காகச் சாவி பக்கத்து வீட்டு நீலாவிடம் இருந்தது. தெரு முழுக்க நெய்யும் வெல்லமும் மணக்க, ரங்கூன் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டது. அதற்கு வெல்லம் தினமும் கூடாது என்பது நீலாவுக்குத் தெரியும். ஆனால் நல்ல நாளும் அதுவுமாக, ஊரே தின்னும்போது ஒரு ஜீவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் அவளுக்குத் தெரியும். தன் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகக் கஞ்சி ஊற்றியவள் வீட்டுக் குதிரை எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரைப் பொங்கலைப் பானையோடு கொண்டுவந்து வைத்தாள். அது பானையை நக்கித் துடைத்துவிட்டது.

மறுநாள் கடல் சாயங்காலத்துக்குக் காத்திராமல் காலையிலேயே வந்து, போகாமல் நின்றது. தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. அலி அக்பர் முழங்கால் வரைக்கும் நனைய உட்கார்ந்து, படுத்திருந்த குதிரையின் அடிக்குளம்பைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் பிளந்து எலும்பின் முனை வெளியே தெரிந்தது. வெகுநேரம் அந்தக் காலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு எறங்கி வெளிய வந்துட்டுது, தங்கச்சி. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார் அங்கம்மாவிடம். பிறகு, "இனிமே அது இன்னா கேட்டாலும் குடு" என்றார்.

மங்கைக்கு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நீலா ஓடிவந்து தண்ணீரிலேயே விழுந்து அங்கம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நான் பாவியாயிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அங்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தான் மூன்று வருஷம் செய்ததை அவள் ஒரு நாள் செய்திருந்தாள், அவ்வளவுதான். "அழாத நீலா. அது கேட்டுது, நீ குடுத்த" என்று சொல்லி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடுப்பு மூட்டப் போனாள்.

பச்சரிசியைக் குழைய வடித்து, கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, ஆற வைத்துக் கொண்டுவந்தாள். தண்ணீரில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கவளம் கவளமாக ஊட்டினாள். அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது. பாதிப் பாத்திரம் மிச்சம் இருக்கும்போது உதட்டைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. தன் கைச் சோற்றுக்கு ஒருவர் போதும் என்று முகம் திருப்புவதை அங்கம்மா பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. மங்கை செத்தபோது அழாத அழுகையையெல்லாம் அவள் அப்போது அழுதாள். காசிமேடு வரைக்கும் கேட்டது என்கிறார்கள். ரங்கூன் பொழுது சாயும் நேரத்தில் மூச்சை விட்டது.

அன்றைக்குக் கடல் திரும்பும்போது குதிரையையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு சுவரிலும் இடிக்காமல், சோடாக் கடை முனையில் மெதுவாகத் திருப்பி, ரோட்டைக் கடந்து கொண்டுபோயிற்று. இந்தத் தடவை மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. எத்திராஜ் குதிரையின் பிடரியில் கை வைத்தபடி இடுப்பளவு ஆழம் வரைக்கும் கூடவே நடந்தான். அதற்கு மேல் விட்டுவிட்டான். பர்மா இருக்கும் பக்கமாகத்தான் போயிற்று என்று கட்டுமரக்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் எத்திராஜ் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது கடல் வழக்கமான நேரத்துக்கு வந்து, குளம்பு முழுகும் அளவுக்கு வெறும் மணலில் நின்றது.

"குதிர இல்லன்னு தெரியல போல" என்றான் அவன்.

"அதுக்குத் தெரியும்" என்றாள் அங்கம்மா. புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, ரங்கூன் நின்ற இடத்தில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து, நாளெல்லாம் மீன் சந்தையில் நின்று வீங்கிய கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள். எத்திராஜ் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கவளத்தை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரே ஒரு வாய்" என்றான்.

அவள் அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அவள் தின்று முடிக்கும் வரைக்கும் கடல் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. விளக்கு வைத்த பிறகு போய்விட்டு, மறுநாளும் வந்தது. உப்புக்காரத் தெருவில் இன்றைக்கும் சாயங்காலமானால் செருப்பை மேல்படியில் எடுத்து வைக்கிறார்கள்.