நாலு பன்னிரண்டுக்குப் பிறகு

…முப்பத்தொன்று வந்தாயிற்று, முப்பத்திரண்டு வந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பச்சை வரி, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணாவிட்டாலும் வரத்தான் போகிறது, ஆனாலும் சும்மா உட்கார முடியவில்லை. ஐந்து மணிக்கு நாற்பது கணினிகளிலும் உள்ளதையெல்லாம் அழித்துத் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், குளிர் அறையில், பத்து வருடமாக நாற்பதும் சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டவை. ஆனால் யார் எப்போது நுழைந்தார்கள், என்ன தட்டினார்கள் என்பதை மட்டும் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் தனி லாக் கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லாது, அந்தக் கோப்புகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகத் தன் கணினிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுத வையுங்கள் என்று கணவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், இந்த நாற்காலியில் அவர் இருந்தபோது, அவள் அடுத்த மேசையில் இருந்தபோது. “நாப்பது வீட்டுக்கும் நானே போய்க் கதவைத் தட்டிக்கிறேன், உனக்கென்ன வலிக்குது?” என்பார். இந்த நாற்காலிதானா… இல்லை, அதை மாற்றிவிட்டார்கள், அதில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லையாம்.

நாலு பன்னிரண்டு. அவள் அன்று விடுப்பு. காலையில் சண்டை, சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒழுகுகிற குழாய், இன்றைக்குப் பார்க்கிறேன் என்று மூன்று வாரமாகச் சொன்ன ஆள், அவ்வளவுதான். கைப்பேசி அடித்தது, அவர் பெயரைப் பார்த்தாள், மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள், அதே சொல்லைத்தான் நினைத்தாள், வேறு சொல்லா கிடைக்கவில்லை? முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி வரவில்லை. குடையை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த வயர்க்காரர், கேபிள் வேலை பார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர், மேசையில் தலை சாய்ந்து கிடந்தவரைப் பார்த்தபோது மணி ஐந்தரை. இதயம், நாலிலிருந்து ஐந்துக்குள் என்றார் மருத்துவர், அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியாதாம். அந்த அழைப்புக்குப் பிறகு அவர் எந்தக் கணினியிலாவது ஒரு வரி தட்டியிருந்தால் போதும், அது சாதாரண அழைப்பு, குழாய்க்கு ஆள் வந்தானா என்று கேட்கப் போட்டது. தட்டவில்லை என்றால்… அந்த வாக்கியத்தை எட்டு மாதமாக அவள் முடித்ததில்லை. நாற்பதில் எதிலோ அது இருக்கிறது, எந்த நாளிலும் எடுத்திருக்கலாம், கையெட்டும் தூரம். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் அறிக்கை, ஒரு நாள் எதுவுமே இல்லை. இந்த லாக் யாருக்கு வேண்டும் என்று மேலாளர் கேட்டதற்கு, தணிக்கைக்கு என்று இன்று பொய் சொன்னாள்.

நாற்பதாவது பச்சை வரியும் வந்தது. வயர்க்காரர் கதவருகில் நின்றார்.

“எடுத்தாச்சா அக்கா? மேலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.”

“எடுத்தாச்சு.”

“நாப்பதுமா?”

“நாப்பதும்தான். அழிச்சுடுங்க.”

அண்ணன் இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் விட்டிருப்பார் என்று ஏதோ சொல்லி, சிரிக்கப் பார்த்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு போனார். அவள் தண்ணீர் குடித்தாள். மேசையைத் துடைத்தாள். பிறகுதான் கோப்புகள் வந்து சேர்ந்த இடத்தைத் திறந்தாள், ஒரே ஒரு கோப்பு இருந்தது. திரை பழசைக் காட்டுகிறது என்று மூடித் திறந்தாள், ஒன்றுதான். நாற்பது கணினியிலும் லாக் கோப்புக்கு ஒரே பெயர், கொண்டுவரும்போது அந்தந்தக் கணினியின் எண்ணைப் பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் பின்னால் வருவது முன்னால் வந்ததன் தலையில் ஏறி உட்கார்ந்து அதை இல்லாமல் ஆக்கிவிடும், முப்பத்தொன்பது தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பச்சை வரி போட்டு.

குளிர் அறைக்கு எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. நிறுத்த முடியுமா என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே அழுத்தா அழுத்திட்டேனே அக்கா. உள்ள இருக்கறதப் பூட்டி வச்சிருக்கற சாவியத்தான் அது முதல்ல அழிக்கும், அப்புறம் அத யாராலும் படிக்க முடியாது. ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

மிச்சமிருந்தது நாற்பதாவதன் கோப்பு. அந்தத் தேதிக்கு இரண்டே வரி, காலை ஒன்பது ஐந்துக்கு உள்ளே வந்திருக்கிறார், ஒன்பது ஏழுக்கு வெளியே. அதற்குப் பிறகு அன்று அங்கே யாரும் வரவில்லை. அவள் அதை இரண்டு தடவை படித்தாள், படிக்க வேறென்ன இருக்கிறது. ஆறு வருடமாகச் செய்கிற வேலை, எண்ணைச் சேர்க்க மறக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், விரல்கள் அவளைக் கேட்காமலே அதைத் தட்டும். இன்று அந்த இடத்தில் விரல்கள் சற்று நின்றன. வெளியே ஏதோ வண்டி பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது, அது ஓயும்வரை நின்றன, பிறகு எண்ணைத் தட்டாமலே தாண்டிப் போயின, அதுகூட நினைவிருக்கிறது… மறந்தவள் எதற்காக நிற்க வேண்டும்?