பதினெட்டுப் பீரங்கிக் கப்பலும் கோப்பாய்க் கொட்டிலும்

மூடுபனிக்குள்ளே தெரிந்த கரிய உருவம் ஒன்றல்ல, இரண்டு! இரண்டும் எதிரியின் போர்க்கப்பல்கள். கப்பித்தானுடைய பதினெட்டுப் பீரங்கிக் கப்பலோ மணல்திட்டில் தட்டி அசையாமல் நின்றது.

"பிறகு?" என்றான் கந்தப்பு.

சோமசேகரம் பக்கத்தைப் புரட்டினான். 'மிகுதி அடுத்த இதழில்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

கோப்பாயில் கனகலிங்கம் முதலாளியின் சுருட்டுக் கொட்டில் அது. பன்னிரண்டு பேர் சுருட்டுச் சுற்றுவார்கள். அவர்கள் கை ஓயாமலிருக்க ஒருவன் உரத்து வாசிப்பான். அந்த ஒருவன்தான் சோமசேகரம். அடுத்த ஒழுங்கையில் ஒரு போட்டிக் கொட்டில். அங்கே துப்பறியும் கதை வாசித்தார்கள். மூன்று பேர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள்.

"கந்தப்புவும் போனானெண்டால் நீரும் பாயைச் சுருட்டலாம்" என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். கந்தப்புவைப் போல வேகமாகச் சுற்றும் கை வலிகாமத்திலேயே இல்லை.

அதனால்தான் சோமசேகரம் இன்று கடைசி ஆயுதத்தை எடுத்திருந்தான். திருகோணமலையில் கிளாக்கராக இருந்த மைத்துனன் அனுப்பிய கடற்படை மாத இதழ். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னான். நூறு வருடத்துக்கு முந்திய சண்டை. கொட்டில் மூச்சு விடாமல் கேட்டது. இந்த நேரத்திலா 'மிகுதி'?

அடுத்த மாதம் வரை கந்தப்பு பொறுப்பானா? சோமசேகரம் இதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு துணிந்து இறங்கினான்.

"சடாரென்று ஒரு பெருங்காற்று! பாய்கள் புடைத்தன! கப்பல் மணலைக் கிழித்துக்கொண்டு..."

"நில்லும் தம்பி."

வாசலிலிருந்து வந்தது குரல். அருளம்பலம் தண்டையல். வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். இரங்கூன் பயணத்துக்குச் சுருட்டு வாங்க வந்து, கட்டு முடியக் காத்துக்கொண்டிருந்தார்.

"மூடுபனி எண்டு நீர்தானே சொன்னீர்? பெருங்காத்து அடிச்சால் பனி நிக்குமோ?"

கந்தப்பு கையிலிருந்த சுருட்டைக் கீழே வைத்தான். "எடேய், உவன் புழுகிறான்! நாளைக்கே நான் அங்காலைக் கொட்டிலுக்குப் போறன்."

இனி ஒளித்துப் பயனில்லை என்று சோமசேகரத்துக்குத் தெரிந்தது.

"ஓம் அண்ணை, புழுகினதுதான். மிச்சம் அடுத்த புத்தகத்திலைதான் வரும்." தண்டையலைத் திரும்பிப் பார்த்தான். "ஐயா, அந்தக் கப்பலிலை நீங்கள் நிண்டால் என்ன செய்வியள்?"

தண்டையல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சம்மணமிட்டார். ஒரு புகையிலைத் துண்டு மணல்திட்டானது. மூன்று சுருட்டுகள் மூன்று கப்பல்களாயின.

"நங்கூரத்தை வள்ளத்திலை ஏத்து. ஆழம் உள்ள பக்கம் கொண்டுபோய்ப் போடு. பிறகு கப்பலிலை நிண்டு கயித்தை இழு. நங்கூரம் அசையாது, கப்பல்தான் அசையும். பனி கலைய முன்னம் வெளியாலை!"

"எதிரி வள்ளத்தைக் கண்டால்?" என்றான் கந்தப்பு.

"காணான்."

"கண்டால்?"

"கண்டால் உன்னை மாதிரி ஒரு வாய்க்காரனை மற்றப் பக்கம் விட்டுக் கத்தச் சொல்லுவன்."

கொட்டில் குலுங்கிச் சிரித்தது. பேச்சோடு பேச்சாக எல்லாக் கைகளும் மறுபடி சுற்றத் தொடங்கின. அன்று வெற்றிலைக்குக்கூட ஒருவரும் எழும்பவில்லை.

மறுநாள் கந்தப்பு வழக்கமான இடத்திலேயே வந்து குந்தினான். "உப்பிடிப் பாக்காதை. அந்தக் கப்பித்தான் தண்டையல் சொன்ன மாதிரிச் செய்தானோ எண்டு அறிய வேணும்." செய்தி பரவியது. போன மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள்.

அடுத்த இதழும் வந்தது. சோமசேகரம் வீட்டில் பிரித்துப் படித்தான். தலையில் கை வைத்தான். ஒரு வேட்டும் தீர்க்காமல் கப்பித்தான் கொடியை இறக்கிச் சரணடைந்திருந்தான்! மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஒருமுறை புழுகிப் பிடிபட்டவன் அவன். கொட்டிலில் உள்ளதை உள்ளபடியே வாசித்தான்.

"விசரன்!" கந்தப்பு வெடித்தான். "வள்ளம் கிடந்தது, நங்கூரம் கிடந்தது! எங்கடை தண்டையலிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"சரி, மற்றச் சண்டையை எடு" என்றான் கந்தப்பு. "முடிவு வர முன்னம் புத்தகத்தை மூடு. முதல் நாங்கள் சண்டை பிடிச்சுப் பாக்கிறம்."

பின்னால் நின்ற கனகலிங்கம் முதலாளி வெடித்துப் பழுதான சுருட்டு மூன்றைத் தேடியெடுத்து நடுவில் போட்டார்.

"கப்பலுக்கு நல்ல சுருட்டை எடாதேங்கோ. உதுகள் போதும்."