முந்நூறு பேருக்கு ஒரு கை

ஆலையாட்களை எழுப்ப ஜன்னல் தட்டுகிறவன் நீளக் கழியோடு விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் இறங்குவான். கண்ணாடிக்கு மூன்று தட்டு. பிறகு எங்கும் கட்டைச் செருப்புகளின் சத்தம்தான். ஐந்தரைக்கு ஆலைக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிந்தியவர்கள் எட்டு மணி வரை மழையில் நிற்க வேண்டியதுதான். லங்காஷயரில் மழைக்கு ஒருநாளும் பஞ்சம் கிடையாது.

தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் படகு மாதிரியான கட்டைக்கு நாடா என்று பெயர். அதன் ஓட்டைக் கண்ணில் வாயை வைத்து அந்த ஊடை நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு நாளில் முந்நூறு முறையாவது இழுப்போம். எங்களில் முன்பல் முழுசாக இருப்பவர்கள் குறைவு. தலைக்கு மேலே நீராவி எந்திரத்தின் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல்வார் இறங்கும். இருநூறு தறிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வோம். முதலாளிக்கு எதிரே நின்றே முதலாளியைத் திட்டலாம். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது.

என் பெயர் தபித்தா. இரண்டு தறி ஓட்டுகிறவள், கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுதக் கற்றேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பாதிரியாரே ஒருமுறை பாராட்டினார், அந்தப் பாராட்டை நான் பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். எங்கள் எல்லோரையும் கவிழ்த்தது அந்தத் திமிர்தான். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த நாலாவது வருஷம், மாசி முடியும் தறுவாயில், நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பத் தீர்மானித்தோம். கேட்டது இரண்டே இரண்டு. நாளுக்குப் பத்து மணி நேர வேலை. சுழலும் தண்டுக்கும் வாருக்கும் மரத்தால் மறைப்பு. ஜெபக்கூடத்தின் பின்னால் மேசை போட்டு என்னை உட்காரவைத்தார்கள்.

எழுதத் தெரியாதவரின் பெயரைத் தெரிந்தவர் எழுதுவதும், அவர் பேனாவின் மறுமுனையைத் தொட்டுக் கொடுப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டால் சத்தியம் பண்ணியதற்குச் சமம். கல்யாணத்துக்கும் அப்படித்தான், வாடகைக்கும் அப்படித்தான்.

தறிகளின் வாரைக் கவனிக்கிற ஈனோக் லோமாக்ஸ், மனைவி நவோமியோடு வந்தான். பேனாவைத் தொடச் சொன்னால், கையிலேயே வாங்கிக்கொண்டான்.

"அக்கா, நானே ஒரு நாடா வரைஞ்சுடறேனே. அதான் என் கையெழுத்து."

"நாடாவும் வேணாம், ஓடமும் வேணாம். லண்டன்ல பெரியவங்க பார்க்குற காகிதம். நீ மைய வழியவிட்டுக் கெடுத்துடாதே."

"ஒரே ஒரு கோடுக்கா. இப்படி வளைச்சு, அப்படி வளைச்சா முடிஞ்சுது."

"காகிதத்தைக் கெடுக்காதேன்னு சொல்றேன்ல. கொடு இப்படி."

அவன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திருப்பிக் கொடுத்து, அதன் மறுமுனையை ஒரு விரலால் தொட்டான். "பார்த்துக்கோ நவோமி, இந்த ஊர்ல அக்கா கைதான் கை. நமக்கெல்லாம் இருக்கறது வெறும் விரல்." அவன் பெயரை அழகாக எழுதினேன். அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தொட்டார்கள். ஒரு சொட்டு மை சிந்தவில்லை.

மூன்றாவது வாரம் ஈனோக்கைத் தண்டு இழுத்துக்கொண்டது. கழன்ற வாரை மாட்ட ஏணியில் ஏறியவனின் சட்டைக் கை சிக்கியது. அவன் கத்தியிருப்பான். இருநூறு தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் தறித் துணியில் சிவப்பாகத் துளி விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஆள் ஓடி, அது நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நவோமி நாலு தறி தள்ளி நின்றிருந்தாள். அவள் உதடு அவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னதைப் பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் அந்த உதடுதான் தெரிகிறது.

மறுநாள் காலையே தறிகள் ஓடின. அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் நவோமியும் வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமே.

மனுவை லண்டனுக்குக் கொண்டுபோயிருந்த ஆமோஸ் ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தார். பெரியவர், கைத்தறிக் காலத்து மனிதர். போக வர நடைதான். என் வீட்டு வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை.

"என்னண்ணே, மனுவைச் சபையில வச்சாங்களா?"

"வைக்கலம்மா. நம்ம மெம்பரு காகிதத்தைப் பிரிச்சுப் பார்த்தாரு. 'எல்லாம் ஒரே கையா இருக்கே, இது செல்லாது'ன்னுட்டாரு. நான் பேனா தொட்ட கதையைச் சொன்னேன். பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க."

"எழுதத் தெரியாதவங்க வேற என்னண்ணே பண்ணுவாங்க?"

ஆமோஸ் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "சிலுவையோ கோடோ, எதுவா இருந்தாலும் அவனவன் கையால போட்டிருக்கணுமாம். பக்கத்துல இன்னாருன்னு யாராவது எழுதினா போதுமாம். அதை ஏத்துக்குவாங்களாம்."

அவர் போன பிறகு நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாடா வரைய விட்டிருந்தால் போதும். கேட்டவனிடமிருந்து நான்தானே பேனாவைப் பிடுங்கினேன். அவன் கை இந்த உலகத்தில் விட்டுப்போயிருக்க வேண்டிய ஒரே ஒரு கோடு, அதையும் நான் தடுத்துவிட்டேன். அன்று அழுத அழுகை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கஞ்சி குடிக்க எந்திரம் நின்ற நேரத்தில், ரெட்ஃபெர்ன் முதலாளி பத்திரிகையோடு தறிக்கூடத்துக்குள் வந்தார்.

"எங்க ஆலையிலேர்ந்து நாடாளுமன்றத்துக்குக் கடுதாசி போயிருக்கு, எனக்குத் தெரியாம. முந்நூறு பேருக்கு ஒரு கையாம். லண்டனே சிரிக்குது." என்னைப் பார்த்தார். "தபித்தா, நீதான் அந்தக் கையா?"

"நாந்தான் முதலாளி. எழுதினது நான். சொன்னது எல்லாரும்."

"எல்லாரும்னு நீ சொல்ற. இவங்க சொல்லட்டும். 'எனக்குத் தெரியாது, தபித்தாவே எழுதிக்கிட்டா'ன்னு சொல்றவங்க அவங்கவங்க தறிக்குப் போகலாம். தொட்டேன்னு சொல்றவங்க அவளோட வெளியே போகலாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு திரும்பினார். "நவோமி, முதல்ல நீ சொல்லும்மா. உன் புருஷன் பேரும் இருக்காம். அவன் நல்லவன், கொஞ்சம் கவனக்குறைவு, அவ்வளவுதான். அவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

நான் நவோமியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தேன். 'இல்லைன்னு சொல்லிடு. பிள்ளைங்களைப் பாரு.' அவள் படித்துவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தறி ஓரத்தில் வைத்தாள்.

"தொட்டாரு முதலாளி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எம் முன்னாலதான் தொட்டாரு. நானும் தொட்டேன். தண்டுக்கு மரம் அடிங்கன்னு கேட்டுத் தொட்டாரு. நீங்க அடிக்கல. கவனக்குறைவு யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

முதலாளியின் முகம் சிவந்தது. அடுத்த வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "நானும் தொட்டேன்." அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு சத்தமில்லாமல் எல்லோரும் எழுந்து நின்று ஆட்காட்டி விரலை நீட்டினார்கள். பஞ்சும் எண்ணெயும் ஒட்டிய விரல்கள், சிலவற்றுக்கு நுனியே இல்லை.

தறிகளில் பாதித் துணி நிற்கும்போது இத்தனை பேரையும் அனுப்ப அவருக்குப் பைத்தியமா? என்னையும் நவோமியையும் மட்டும் அனுப்பினார். போகும்போது நவோமி தன் தறியின் நூலை ஒழுங்காக முடிந்துவிட்டு வந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணே? பிள்ளைங்களுக்கு என்ன கொடுப்பே?" என்றேன்.

"தெரியலக்கா. அவரு தொடலைன்னு எப்படிச் சொல்லுவேன்? அப்புறம் அவரு எதுக்கு செத்தாரு?"

அந்த வாரம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் யாரோ உருளைக்கிழங்கும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். வைத்தவர்களுக்கே அது போதாத காலம்.

ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு மேலே மேட்டுப் புல்வெளியில் கூடினோம். ஜெபக்கூடத்தைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாறைமேல் புதுக் காகிதம் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கட்டைச் செருப்பை வைத்தோம். போனமுறை பயந்து வராதவர்களும் இந்தமுறை வந்திருந்தார்கள். இந்த மனுவும் திரும்பி வரலாம் என்று ஆமோஸ் மறைக்காமல் சொன்னார். வந்தால் மறுபடி நடப்பேன் என்றார். ஒருவரும் கலைந்து போகவில்லை.

நான் மைக்குப்பியை மட்டும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னார் என்று எழுத ஆமோஸும் வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவன் சீப்பு வரைந்தான். ஒருத்தி தேநீர்க் கெண்டி. ஒருவன் தன் நாயை வரைகிறேன் என்று தொடங்கினான், ஆடு மாதிரி வந்தது. அதற்கு எல்லோரும் சிரித்தோம். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தோம்.

நவோமியின் முறை வந்தது. பேனாவைக் கம்பு பிடிப்பதுபோல முழுக் கையால் பிடித்தாள். இப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு வளைவு. நடுவில் நாடாவின் கண். அதை வைக்கப் பேனாவை மறுபடி மையில் ஆழமாக முக்கி எடுத்தாள். பெரிய சொட்டாக மை விழுந்து, வரைந்ததன் பாதிமேல் பரவியது.

அவள் பயந்துபோய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காகிதம் கெட்டுப்போச்சேக்கா."

"கெடட்டும்டி" என்றேன். குப்பியை அவள் பக்கம் இன்னும் நீட்டினேன். "கெடட்டும். நல்லா அழுத்திப் போடு."