வாடாத கொடிகள்

மருந்து வைக்காத மிளகுக் கொடிகள் சாகவே இல்லை. வந்த கோபத்தில் ஒன்றைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மிளகுக் கொடி வாடிச் சாவதற்குக் காரணம் மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சாணம். எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. மலைமேல் இந்தக் குண்டனி நாட்டு மழையில் எங்கள் மருந்து அதை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. செங்கோடன் தன் தோட்டத்தைக் கொடுத்தார். பாதிக் கொடிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். தண்ணீர்க் கொடிகள் வாடினால்தான் மருந்துக்குப் பெயர். மழை ஓய்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன.

என் வழிகாட்டி மணிவண்ணன் சாருக்கு போன் போட்டேன். "தண்ணி மட்டும் ஊத்தின கொடியும் வாடல. நோய்க்கு வேற காரணம் இருக்குமோ சார்?"

"கோட்பாட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி உன் வேலையில தப்பிருக்கான்னு பாரு ராதிகா. காளப்பநாயக்கன்பட்டி தாண்டிட்டேன், வந்துடறேன்."

எதற்கெடுத்தாலும் என் தப்புதானா? எரிச்சலாக வந்தது. நான் கண்டது புதிதாக இருந்தால் என்ற பேராசையும் இருந்தது. தப்பென்றால் ஒரு மழைக்காலமே பாழ், ஆய்வேடு இந்த வருஷம் முடியாது. சார் வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். எந்தக் கொடிக்கு எது என்று பூசியிருந்த அடையாளப் பெயின்ட்டைப் பார்த்தேன், மாறவில்லை. தண்ணீர்க் கொடி ஒன்றின் தூரைக் கிளறினேன். வேரோரம் வெள்ளைப் பொடி. எங்கள் மருந்து.

அடுத்த கொடியிலும் இருந்தது. செங்கோடனைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கண்ணா, இதுக்கு யாரு மருந்து வச்சது?"

"நாந்தானுங்க அம்மிணி," என்றார் செங்கோடன். "மிச்சம் ஊட்டுல கெடந்துச்சு. ஒரே வரிசையில நிக்கறதுல பாதிக்கு வெச்சுப் பாதிக்கு வெக்காம உட்டா, பந்தி வஞ்சனை இல்லீங்களா?"

"வெக்காட்டி வாடும்னு மொதல்லயே சொன்னனே."

"சொன்னீங்க. அதான் வெச்சேன்."

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கோட்பாடு பிழைத்துக்கொண்டது. என் வருஷம் போயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பொழைச்சதுக்கு ஏன் அம்மிணி அழுவறீங்க? செத்திருந்தாச் சந்தோசமுங்களா?"

"ஆமாங்க," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மேலே ரோட்டில் சாரின் கார் வந்து நின்றது. செங்கோடன் நான் கிளறிய தூரில் மண்ணைத் தள்ளி மூடினார்.

"செரி, மறுக்கா செய்யலாமுங்க. அடுத்த மழைக்கு எதையெதைச் சாக உடோணும்னு நீங்களே தொட்டுக் காட்டீருங்க," என்றார்.

எழுந்து வரிசையோரம் போனேன். ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை.