கடைசி ஆளுக்குப் பின்னால்

எனக்கு ஓடத் தெரியாது. ஆனால் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னால் நாள் முழுக்க நிற்பேன். விடியற்காலையில் எழுந்து, வேர்வை வழிய இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அதற்கு ஒரு தகர மெடலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன்? கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், ஒன்றும் ஒட்டாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே சம்பாதிக்கிறவள் நான். ஒரு விஷயம் தெளிவாகாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் அண்ணி ஓட்டக் குழுவின் செயலாளர். அவர்தான் இந்த வருஷம் புது வேலை ஒன்றை என் தலையில் கட்டினார்.

"வருஷா வருஷம் ஓரமா நின்னு வாழைப்பழம் உரிச்சுக் குடுக்கறே. இந்தத் தடவை கொஞ்சம் நட" என்று ஓர் ஆரஞ்சு நிறக் கோட்டை நீட்டினார். முதுகில் கொட்டை எழுத்தில் 'கடைசி ஆள்' என்று போட்டிருந்தது.

"இது பாராட்டா, திட்டா அண்ணி?"

"ரெண்டும் இல்ல. கடைசியா வர்றவருக்குப் பின்னாலேயே நட. உனக்குப் பின்னால ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. 'நான்தான் கடைசி'ன்னு யாரும் வீட்டுக்குப் போய் அழ வேண்டாம் பாரு. கடைசி நீதான்."

கேட்கச் சுலபமாக இருந்தது. அந்தக் கோட்டுக்கு இருந்த மகிமை நடக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. நான் ஒரு தண்ணீர் மேஜையைத் தாண்டியதும் அங்கே நின்றவர்கள் கை தட்டிவிட்டு மேஜையை மடக்கினார்கள். நான் ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் குழுவின் வேன்காரர் வந்து, அங்கே நட்டிருந்த அம்புக்குறிப் பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழியாக அடுத்த இடத்துக்குப் போனார். எனக்கு முன்னால் பந்தயம் நடந்தது, எனக்குப் பின்னால் வெறும் தெரு. கோட்டைப் போட்டதும் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, பொய் சொல்வானேன்.

பாதித் தூரம் கடந்து, மரக்கிடங்கு தாண்டி ஆற்றங்கரைச் சாலையில் திரும்பியபோது எனக்கு முன்னால் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். தொப்பையும் முழங்கால் பட்டையுமாக ஐம்பது வயதுக்காரர். பத்தடி ஓடுவார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார். மறுபடி பத்தடி, மறுபடி ஒரு பார்வை. முதலில் என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். பிறகுதான் கவனித்தேன், அவர் கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ போனது. மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. வேகமாக எட்டி நடந்து அவரைப் பிடித்தேன்.

"ஏங்க, கால் வலியா? வண்டியைக் கூப்பிடட்டுமா?"

"கால் நல்லா இருக்கும்மா. என் மாப்பிள்ளை வரணும்."

"மாப்பிள்ளையா?"

"தங்கச்சி வீட்டுக்காரன். பள்ளிக்கூடத்துலேருந்தே சிநேகிதன். எக்ஸ்பிரஸ்னு சொன்னா இங்கே எல்லாருக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் முதல் பத்துப் பேருக்குள் முடித்துவிட்டு, மெடலோடு திரும்பி ஓடி வந்து, பின்னால் வருகிற ஒரு குண்டு மனிதரைப் பேசிப் பேசியே கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். அந்தக் குண்டு மனிதர்தான் இவர் என்று அப்போதுதான் உறைத்தது. லிப்ட் மெக்கானிக் என்று அண்ணி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அவர் முன்னாலதானே போயிருப்பார்?"

"இல்லம்மா. அவனுக்கு ஹார்ட் அட்டாக் வந்து, படுத்து எழுந்து இப்பத்தான் ஓடறான். டாக்டர் சரின்னுட்டார், என் தங்கச்சிதான் இன்னும் சரின்னு சொல்லல. 'அண்ணே, அவரை விட்டுட்டு வந்துடாதே'ன்னு சொல்லித்தான் அனுப்பினா. மரக்கிடங்கு கிட்ட தண்ணி குடிச்சோம். 'நீ மெதுவா போயிட்டே இரு, நான் பாத்ரூம் போயிட்டு வந்து புடிக்கறேன்'னான். இன்னும் காணோம்."

"பின்னால யாரும் இல்லீங்க. நான்தான் கடைசி" என்று கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

மரக்கிடங்கு வாசலில் நீல நிறத்தில் இரண்டு தற்காலிகக் கழிப்பறைகள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டினேன். கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி ஆளாக நடப்பதற்கு வேறு என்ன பெரிய படிப்பு வேண்டும்? அந்த ஒன்றைத்தான் செய்திருக்க வேண்டும்.

வேன்காரருக்குப் போன் போட்டேன்.

"ஆரஞ்சு கோட்டு போனதைப் பாத்தேன், எடுத்துட்டேன்" என்றார் அவர். "மேஜை, தண்ணி, மூணு அம்புக்குறி, எல்லாம் என்கிட்டத்தான் இருக்கு. ஏம்மா, ஆள் இருக்காங்களா என்ன?"

இதயம் அடிபட்ட ஒரு மனிதரைத் தண்ணீர் இல்லாமல், வழி இல்லாமல் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்புகளை மறுபடி நடச் சொல்லிக் கத்திவிட்டு நிமிர்ந்தால், லிப்ட்காரர் பக்கத்தில் இல்லை. வந்த வழியே திரும்பி ஓடிக்கொண்டிருந்தார். இவ்வளவு வேகத்தை இத்தனை நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் மனிதர்? நான் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினேன். எனக்கு ஓடத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குத் தெரிந்தது.

மரக்கிடங்குக்கு இந்தப் பக்கம் ஒரு முச்சந்தி. ஷட்டர் இறக்கியிருந்த ஒரு பெயின்ட் கடை முன்னால் ஒல்லியாக ஒருவர் குனிந்து தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏதோ தொலைத்தவர் மாதிரி நாலடி போவார், குனிவார், மறுபக்கம் போவார்.

"டேய் மாப்ளே!" என்று லிப்ட்காரர் போட்ட சத்தத்தில் பெயின்ட் கடை மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்தார். முகத்தில் பயம் ஒன்றுமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

"நீ எதுக்குடா திரும்பி வந்தே? நான்தான் கண்டுபிடிச்சுட்டேனே. அந்த ரோட்டுல வாழைப்பழத் தோல் ஒண்ணுகூட இல்ல. இதுல கெடக்கு, மிதிபட்ட பேப்பர் கப்பும் கெடக்கு. அப்ப எல்லாரும் இப்படித்தான் போயிருக்காங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மன்னிச்சிடுங்க சார், நீங்க உள்ளே இருக்கறது தெரியாம நான் தாண்டிப் போயிட்டேன். தப்பு என்னோடது."

அவர் என் கோட்டைப் பார்த்தார், கீழே பார்த்தார். "உங்க தப்பு இல்லம்மா. நீங்க வர்றது கதவு இடுக்குல தெரிஞ்சுது. நீங்க போற வரைக்கும் உள்ளேயே இருந்தேன்."

லிப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒளிஞ்சுக்கிட்டியா?"

"ஆமா."

"ஏன்?" நான்தான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து நான் தனியா ரோட்டைக்கூடத் தாண்டினதில்லம்மா. குளிக்கப் போனா வீட்டுக்காரி வெளியே நிக்கறா. தாழ்ப்பாள் போடாதீங்கங்கறா. மாடி ஏறினா பின்னாலேயே ஒருத்தர். நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா இந்த நெஞ்சு இன்னும் தாங்குதா இல்லையான்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. பக்கத்துல ஆள் இருந்தா, தாங்கறது நெஞ்சா அந்த ஆளான்னு எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியணும்."

'எனக்குத் தெரியணும்' என்று ஒருவர் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்? ஓடுகிறவர்களிடம் இத்தனை வருஷமாக நான் கேட்டு வாங்க முடியாத பதில் இதுதானோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் லிப்ட்காரர் மசியவில்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மச்சான், நீ ஒரு லிப்டை ரிப்பேர் பண்றே. பண்ணி முடிச்சதும் என்ன செய்வே?"

"என்ன செய்வேன், மூடிட்டு வருவேன்."

"ஒழுங்கா சொல்லு."

லிப்ட்காரர் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வேண்டாவெறுப்பாகச் சொன்னார்: "ஆளுங்களை ஏத்தாம, வெறுமனே ஒரு தடவை மேலயும் கீழயும் விட்டுப் பாப்பேன்."

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்."

ஆற்றங்கரைச் சாலை முழுக்க நேர் ரோடு, மறைவே கிடையாது. வேன்காரர் அம்புகளை மறுபடி நட்டுவிட்டதாகப் போன் செய்தார். நான் கோட்டைக் கழற்றினேன். அண்ணிக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார் என்று தெரிந்தும் கழற்றினேன். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது, அதுதானே சட்டம்?

"இதைப் போட்டுக்குங்க. உங்களுக்குப் பின்னால யாரும் வர மாட்டாங்க. ஆனா நெஞ்சுல துளி வலின்னாலும் நின்னு சத்தம் போடணும்."

எக்ஸ்பிரஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். அவருக்கு அது தொளதொளவென்று இருந்தது. மச்சானைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நீ திரும்பிப் பாக்கக் கூடாது. ஒரு தடவை பாத்தாலும் நான் அங்கேயே உக்காந்துடுவேன், நகர மாட்டேன்."

லிப்ட்காரர் தலையை ஆட்டினார். நானும் சத்தியம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நடையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பின்னால் ஒரு மனிதன் வருகிறானா, நிற்கிறானா, விழுந்து கிடக்கிறானா என்று தெரியாமல் நடப்பது மற்றவர்களுக்கே கஷ்டம், எனக்குச் சொல்ல வேண்டுமா? கழுத்து தானாகத் திரும்பியது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு கார் நின்றது.

"ஏங்க, அந்தக் கார் கண்ணாடியில பாத்தா, அது திரும்பிப் பாத்ததா ஆகுமா?"

"ஆகும்" என்றார் லிப்ட்காரர், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். பாலத்தில் ஏறும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, நின்றது. நான் பக்கத்தில் வந்த லிப்ட்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூடியபடியே நடந்தார். பாலம் இறங்கும் வரை வேறு சத்தம் எதுவும் காதில் விழவில்லை.

எல்லைக்கோட்டில் அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றார். பக்கத்தில் போக்குவரத்துக் காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைத் திறந்துவிட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதாம்.

"கோட்டு எங்கடீ?"

"வந்துக்கிட்டு இருக்கு அண்ணி."

"கோட்டு தானா நடந்து வருமா?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும்.

"அண்ணே, அவர் எங்கே?"

"வர்றான்" என்றார் லிப்ட்காரர். ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். நானும் அப்படியே நின்றேன். சத்தியம் செய்யாதவள் அங்கே அவள் ஒருத்திதான். அவள் எங்கள் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தோம். கண்ணைச் சுருக்கினாள். சுருக்கியபடியே வெகு நேரம் இருந்தாள். பிறகு அவள் வாய் மெதுவாகத் திறந்தது, கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்து உருண்டது. ஓடப் போனவளை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. அவனே வரட்டும்."

முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். காவலர்கூடத் தட்டினார். ஆரஞ்சு கோட்டு எங்களைத் தாண்டி, எல்லைக்கோட்டைத் தாண்டி, போய் நடைபாதையில் உட்கார்ந்தது. அப்புறம்தான் லிப்ட்காரர் திரும்பினார். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது, அது வேர்வை மட்டும் இல்லை.

"திரும்பிப் பாத்தியாடா?" என்றார் எக்ஸ்பிரஸ், மூச்சு வாங்க.

"இல்ல."

"தெரியும். உன் முதுகையே பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். பாலத்துல மூச்சு முட்டுச்சு. நின்னுட்டேன். வலி இல்ல, பயம்தான். நீ இப்பத் திரும்பிடுவேன்னு நெனச்சேன். நீ பாட்டுக்குப் போனே. சரி, இவனே போறான்னா நமக்கு ஒண்ணும் ஆகலேன்னு நானும் நடந்தேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமேடா."

"குடுத்திருந்தா நீ வந்திருப்பியே."

அவர் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் குனிந்து, மெதுவாக, தானே அவிழ்க்கத் தொடங்கினார்.