அட்டையில்லாத பாதி

எங்கள் வீட்டில் முழுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் பாதி பாதிதான். கப்பலில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம். நடுக்கடலில் ஒரே ஒரு நாவல் கையில் இருக்கும், வாசிக்கக் கப்பலே காத்திருக்கும். என்ன செய்வது? புத்தகத்தின் முதுகில் கத்தியை வைத்துக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. கொலை நடந்தது எனக்குத் தெரியும், கொலைகாரன் யாரென்பது இன்ஜின் ரூமுக்குத் தெரியும். அதைக் கேட்டுச் சொல்ல ஒருதடவை கப்பலையே நிறுத்தினோம். நம்பாவிட்டால் போங்கள்.

ரிட்டையரான பிறகு அதே கத்தி மில்லர்புரம் வீட்டுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. முன்பாதி எனக்கு, பின்பாதி என் பெண்டாட்டி மெட்டில்டாவுக்கு. நாலு மணிக் காப்பிக்கு நான் என் கதையைச் சொல்வேன், அவள் அவளுடையதைச் சொல்வாள். முடித்த பிறகு பாதிகளை மாற்றிக்கொள்வோம். பாதி ஆயுளைக் கடலிலேயே கழித்துவிட்டு வந்தவனுக்குப் பெண்டாட்டியோடு பேச வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள்? அந்தக் காப்பி நேரம்தான் எனக்குச் சொத்து.

அடுத்த வீட்டு ரெக்சன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், புத்தகம் வாசிக்கிற மின்பலகை, இ-ரீடர் என்று ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினான். நான் விடுவேனா? "ஏலே, இதுல கருவாடு பொதிய முடியுமா? பாதியாக் கிழிக்க முடியுமா? இது புஸ்தகம் இல்லலே, சிலேட்டு!" என்று நான் சிரித்த சிரிப்பில் துறைமுகத்து நிலக்கரித் தூசியெல்லாம் எழுந்து திருச்செந்தூர் வரை பறந்தது.

அந்த மாதம் பம்பாயில் நடக்கிற ஒரு தடித்த நாவல். கதாநாயகன் காதலியை விட்டுக் கப்பலேறிப் போவதோடு என் பாதி முடிந்துவிட்டது. மெட்டில்டா காப்பியை ஆற்றிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள்.

"அவன் திரும்பி வந்துட்டான்ங்க. வந்து மக்ரூன் கடை போட்டுட்டான்."

"பம்பாய்லயா? நம்ம ஊரு மக்ரூனா?"

"ஏன், முந்திரியும் முட்டையும் அங்கன கிடைக்காதா? கூட்டம் தாங்கல. அவளும் கல்லாவுல உக்காந்துருக்கா."

அருமையான கதை. "சரி ஏளா, உன் பாதியக் குடு" என்று கேட்டால் மட்டும், "இன்னும் முடிக்கலங்க" என்பாள். தினமும் அதே பதில்.

ஒரு மத்தியானம் நிமிர்ந்து பார்த்தேன். மெட்டில்டா மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது. அவள் பாதிக்கு முன்னட்டை கிடையாது. பின்னட்டையோ வெறும் நீலம். தடவிப் பார்த்து எது தலை, எது கால் என்று எப்படித் தெரியும்? ஒரு பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. என்னைப் போலவே உதட்டைக்கூடப் பிதுக்கினாள்.

என் பாதியை மடியில் கவிழ்த்துவைத்தேன். கண் மங்கிவிட்டது என்று சொன்னால் இந்த இரண்டாவது நாற்காலி காலியாகிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

அவள் கண்ணயர்ந்ததும் அந்தப் பாதியை எடுத்துப் புரட்டினேன். மக்ரூன் கடையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பயல் கடலிலேயே செத்துப்போகிறான். எடுத்தபடியே தலைகீழாக வைத்துவிட்டு நேராக ரெக்சன் வீட்டுக்குப் போனேன்.

"உன் பலகைய ஒரு வாரம் குடு. எழுத்து பெருசாகும்லா?"

"கடை போர்டு எழுத்துபோல பெருசாகும். யாருக்குலே?"

"எனக்குத்தாம்ல. கண்ணு மங்கிட்டு."

"அப்படின்னா தெருவுல நின்னு, 'ரெக்சன் வச்சிருக்கது புஸ்தகந்தான்'னு சத்தமாச் சொல்லு. தாரேன்."

சொன்னேன். அந்தச் சத்தத்தில் உப்பளத்துக் கொக்கெல்லாம் இலங்கைக்குப் பறந்துவிட்டது. ரெக்சன் மனம் இளகி, நாங்கள் வாசிக்கும் அதே நாவலையும் அதில் ஏற்றிக் கொடுத்தான். இந்தக் கூத்தில் முக்கியமான ஒன்றை நான் மறந்துவிட்டேன், அது என்னவென்று பிறகு பாருங்கள்!

"மெட்டில்டா, இனி எனக்கு அச்சு எழுத்து ஆகாது. நீ உன் பாதிய இதுல வாசிச்சுக் காட்டு, நான் கேட்டுக்கிடுதேன்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் தடுமாறினாள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு வரி, இன்னொரு வரி. குரல் நிமிர்ந்துகொண்டது. எத்தனை மாதமாக எழுத்துக்குப் பட்டினி கிடந்தாளோ, காப்பியை மறந்து வாசித்தாள். மறுநாளும் வாசித்தாள். மூன்றாம் நாள் சட்டென்று நின்றாள்.

"செத்துட்டான்" என்றாள். பலகையை மடியில் இறக்கினாள். "கடல்லயே செத்துட்டான்ங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கட்டிச் சொன்ன மக்ரூன் கடை மாட்டிக்கொண்டது! தலையைக் குனிந்துகொண்டு அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"நாசமாப் போன மிஷினு!" என்று கத்தினேன். "நான் அன்னைக்கே சொன்னேன்லா? கதையவே மாத்திப்புடும். நீ தூங்குன நேரத்துல உன் பாதிய நான் எடுத்து வாசிச்சேன். காயிதத்துல அவன் உயிரோடதான் இருக்கான். மக்ரூன் கடை போட்டிருக்கான். எழுத்தெழுத்தா இருக்கு."

மெட்டில்டா மெல்ல நிமிர்ந்தாள். "கல்லாவுல அவ இருந்தாளா?"

"பச்சைச் சேலை கட்டிக்கிட்டு."

"நான் சேலையப் பத்திச் சொல்லவே இல்லையே."

"உனக்கு வாசிக்கும்போது எப்பவும் அவசரம். நிறைய விட்டுருவ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கண்ணையே உற்றுப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலகையை என் மடியில் வைத்தாள்.

"எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. எனக்கு... சரியாத் தெரியமாட்டேங்கு."

பெரிதாக்கினேன். இப்போது பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் நிற்கிறது. அவள் வாசிக்கிறாள், நான் பக்கம் தள்ளிவிடுகிறேன். இந்த வேகத்தில் அடுத்த நாவல் முடியும்போது எனக்கு நூற்றிருபது வயதாகும். ஆகட்டுமே. ரெக்சன்தான் பாவம், பலகையைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்கிறான்.